இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது?

நீளமான ஓர் அறை. சுவரில் உயரத்தில் சுற்றிலும் காமிராக்கள். நடுவே ஒரு நடைபாதை. அதில் ஒரு சிறுவன் நடந்து வருகிறான். அரைக்கால் சட்டை மட்டும் போட்டிருக்கிறான். இடுப்பிலும், தொடையிலும், முழங்காலிலும், பாதத்திலும் இலந்தைப் பழம் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கிறார்கள்.

சிறுவன் நடக்கிறான். திரும்புகிறான். மறுபடியும் நடக்கிறான். அம்மா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

இது என்ன, சினிமாப் படப்பிடிப்பா?

இல்லை. இது ஆஸ்பத்திரி! இந்த அறைக்கு "நடை ஆய்வுக்கூடம்" என்று பெயர். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளில் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இப்படி ஓர் அறை இருக்கிறது. நம் நாட்டிலும் சில இடங்களில் வந்துவிட்டது.

சிறுவன் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பதற்கு இத்தனை காமிரா எதற்கு? கண்ணால் பார்த்தால் போதாதா?

போதாது. இந்தச் சிறுவனின் காலில் கத்தி வைப்பதா, வேண்டாமா, வைத்தால் எந்த இடத்தில் வைப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

பிறந்த நாள் தோறும் ஆஸ்பத்திரி

இங்கே வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் மூளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர்கள். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்பட்ட சேதம் இதற்குக் காரணம். மூளையில் உண்டான சேதம் வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீள்கிறது. இறுகிப்போன தசை அதற்கு ஈடு கொடுத்து நீள்வதில்லை. அதனால் குழந்தை குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் நுனிக்காலில் நடக்கிறது. முழங்காலை மடக்கியபடி நடக்கிறது. சில குழந்தைகளுக்குத் தொடை எலும்பே முறுக்கிக் கொள்கிறது.

முன்பெல்லாம் இந்த ஆண்டு குதிகாலுக்கு ஓர் ஆபரேஷன் செய்வார்கள். அதைச் சரி செய்ததும் முழங்கால் மடங்கும். அடுத்த ஆண்டு முழங்காலுக்கு ஓர் ஆபரேஷன். அதற்கடுத்த ஆண்டு இடுப்புக்கு. கனடா நாட்டின் டொரன்டோ நகரில் இருந்த மெர்சர் ராங் என்ற எலும்பு டாக்டர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: "பிறந்த நாள் நோய்"! குழந்தை ஒவ்வொரு பிறந்த நாளையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்கிறது என்பதால் அந்தப் பெயர். வேடிக்கையாகச் சொன்னாலும் பெற்றவர்களுக்கு அது வேடிக்கை இல்லை.

இப்போது முறை மாறிவிட்டது. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்து முடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே தடவையில் செய்வதென்றால், எங்கெங்கே என்னென்ன கோளாறு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? 1980-களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேஜ் முதலிய டாக்டர்கள் நடை ஆய்வுக்கூடத்தைச் சிகிச்சையோடு இணைத்தது இதற்காகத்தான்.

விரலுக்கு எட்டாத மூட்டு

ஒட்டியிருக்கும் உருண்டைகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். காமிராக்கள் அதைப் பிடித்து, ஒவ்வோர் உருண்டையும் எங்கே இருக்கிறது என்று ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் குறித்துக் கொள்ளும். தரையில் பதித்துள்ள பலகைகள், கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்று சொல்லும். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே ஓர் எலும்புக் கூடு நடக்க ஆரம்பிக்கும்.

பார்க்க அதிசயமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. உருண்டைகள் தோலின் மேல் இருக்கின்றன. மூட்டுகளோ உடம்புக்குள் இருக்கின்றன!

கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எலும்பு விரலில் தட்டுப்படும். நடுவில் மூட்டு. முழங்காலும் அப்படித்தான். இடுப்பு மூட்டு அப்படியல்ல. தொடை எலும்பின் தலை ஒரு பந்து போல உருண்டையாக இருக்கிறது. இடுப்பு எலும்பில் உள்ள ஒரு கிண்ணத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பந்தின் மேல் தசை, நரம்பு, இரத்தக் குழாய், கொழுப்பு எல்லாம் மூடிக் கிடக்கின்றன. எவ்வளவு அழுத்தினாலும் விரலுக்கு எட்டாது. அந்தப் பந்தின் நடு மையம்தான் இடுப்பு மூட்டின் அச்சு. அது எங்கே?

அது சரியாகத் தெரிய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக் கதவை நினைத்துக் கொள்ளுங்கள். கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும். கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் மூச்சு வாங்கும். தள்ளும் பலம் ஒன்றுதான். கீலிலிருந்து எவ்வளவு தூரத்தில் தள்ளுகிறோம் என்பதே வித்தியாசம்.

கால் தரையை மிதிக்கும்போது தரையும் காலைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் இடுப்பு மூட்டுக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா, எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்த்துத்தான் இடுப்புத் தசைகள் எவ்வளவு பாடுபடுகின்றன என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தூரமே சில சென்டிமீட்டர்தான். அதில் மூன்று சென்டிமீட்டர் பிசகினால் கணக்கு என்ன ஆகும்?

இத்தாலிய ஆய்வாளர்கள் 2000-ம் ஆண்டில் இதைச் சோதித்தார்கள். மையத்தை 30 மில்லிமீட்டர் முன்னால் தள்ளித் தவறாகக் குறித்தால், இடுப்பை முன்னும் பின்னும் மடக்கும் பலத்தின் கணக்கு ஏறக்குறைய 22 சதவீதம் பிசகியது. நூறு ரூபாய் கடனை எழுபத்தெட்டு ரூபாய் என்று எழுதி வைத்த மாதிரி!

எலும்பில் ஊசி குத்தியவர்கள்

இந்த மையத்தைத் தேடிய கதை பழையது.

1891-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரவுன், ஃபிஷர் என்ற இருவர் ஒரு சிப்பாயின் உடம்பில் ஒளிவிடும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இரவு நேரத்தில் இருட்டில் நடக்க வைத்துப் படம் எடுத்தார்கள். குழாய்களைக் கட்டப் பல மணி நேரம். நடந்தது சில அடிகள். கணக்குப் போட்டு முடிக்கவோ வருஷக்கணக்கு! அவர்கள் ஆராய்ச்சியின் கடைசிப் பகுதி 1904-ல்தான் வெளிவந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். கையால் போட்ட கணக்கு.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது அமெரிக்காவில் கால் இழந்த சிப்பாய்கள் ஏராளம். அவர்களுக்கு நல்ல பொய்க்கால் செய்ய வேண்டுமானால் நல்ல கால் எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் டாக்டர் இன்மனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு துணிகரமான காரியம் செய்தார்கள். தாமாக முன்வந்தவர்களின் இடுப்பு எலும்பிலும் கால் எலும்புகளிலும் எஃகு ஊசிகளைச் செலுத்தி, அப்படியே நடக்கச் சொன்னார்கள்! 1948-ல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. தோலை நம்பாமல் எலும்பையே பார்த்தார்கள். அளவு துல்லியம்தான். ஆனால் ஊனமுற்ற ஒரு குழந்தையிடம் போய் "எலும்பில் ஊசி குத்திக் கொள்" என்று யார் சொல்வது?

அதனால் குத்துமதிப்பான கணக்கு ஒன்று வந்தது. இடுப்பின் முன்பக்கம், இரண்டு ஓரத்திலும் எலும்பு முனை ஒன்று துருத்திக் கொண்டிருக்கும். கை வைத்தால் தெரியும். அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டியது. அந்த முனையிலிருந்து அந்தத் தூரத்தில் 30 சதவீதம் கீழே, 19 சதவீதம் பின்னே, 14 சதவீதம் உள்ளே போனால் மூட்டின் மையம் வரும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-ல் சொன்னார்கள். இடைத் தூரம் 24 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கீழே 7.2 சென்டிமீட்டர், பின்னே சுமார் 4.6, உள்ளே சுமார் 3.4. இதைப் போலவே வேறு சில கணக்குகளும் உண்டு.

தையற்காரர் தோள் அளவை வைத்துக் கை நீளத்தைச் சொல்வது போன்றதுதான் இது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சட்டை பொருந்திவிடும். ஆனால் நடை ஆய்வுக்கூடத்துக்கு வருவது யார்? எலும்பு மற்றவர்களைப் போல் இல்லாத குழந்தை! மூளை வாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்புப் பந்து கிண்ணத்திலிருந்து சிறிது சிறிதாக நழுவுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் குழந்தைகளிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆராய்ச்சி இதைச் சொல்கிறது. சராசரிக் கணக்கு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் அது காலை வாரி விடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. செக்கு மரத்தின் நுனி சுற்றி வரும் வட்டத்தைப் பார்த்தே நடு உரல் எங்கே என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோலக் காலை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் சுழற்றச் சொல்லி, உருண்டைகள் போகும் பாதையிலிருந்து மையத்தைக் கண்டுபிடிப்பது. திடகாத்திரமான ஆளுக்கு இது பொருந்தும். கால் தசை இறுகிய குழந்தை எங்கே சுழற்றும்?

எக்ஸ்ரே எடுக்கலாம், ஆனால் அதன் கதிர் குழந்தையின் உடம்பில் படும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், செலவு அதிகம். குகை போன்ற யந்திரத்துக்குள் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தை அப்படிக் கிடக்குமா?

தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்கேன்

இங்கேதான் ஸ்கேன் வருகிறது. கர்ப்பிணிப் பெண்களுக்கு வயிற்றில் பசை தடவிப் பார்க்கிறார்களே, அதே ஸ்கேன்தான்.

நம் காதுக்குக் கேட்காத ஒலி அது. விநாடிக்குப் பல லட்சம் தடவை அதிரும் ஒலி. கையில் பிடிக்கும் கருவி அதை உடம்புக்குள் அனுப்புகிறது. உள்ளே எலும்போ குழந்தையோ எதில் பட்டாலும் எதிரொலி திரும்பி வருகிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் திரும்பி வருவது போல! உடம்புக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தால் பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இது முதலில் டாக்டர்களின் கருவி அல்ல. கப்பல் தகடு, கொதிகலன் ஆகியவற்றின் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. 1955-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்டு, பக்கத்தில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஆபரேஷனில் வெளியே எடுத்த கட்டிகளைக் காரில் எடுத்துக் கொண்டு போனார். ஒப்பிட்டுப் பார்க்க மாட்டு இறைச்சித் துண்டு ஒன்று. தொழிற்சாலைக் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் தெரிந்தது! 1958-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தாய் வயிற்றைப் பார்க்கும் ஸ்கேன் பரவ ஆரம்பித்தது. 1980-ல் ஆஸ்திரியா நாட்டு டாக்டர் கிராஃப், கைக்குழந்தையின் இடுப்பு மூட்டு சரியாக அமைந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கும் முறையை வெளியிட்டார். ஆகவே ஸ்கேனுக்கு இடுப்பு மூட்டு புதிதல்ல. நடை ஆய்வுக்கூடத்துக்குத்தான் ஸ்கேன் புதிது.

உடைந்த சட்டியின் துண்டு

மெல்போர்ன் நகரில் ராயல் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்குள்ள நடை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் செய்த யுக்தியைப் பாருங்கள்.

குழந்தையின் உடம்பில் ஒட்டும் உருண்டைகள் இருக்கின்றன அல்லவா? அதே உருண்டைகளை ஸ்கேன் கருவியின் மேலும் பொருத்தினார்கள்! இப்போது சுவரில் உள்ள காமிராக்களுக்குக் குழந்தையின் இடுப்பும் தெரியும். ஸ்கேன் கருவியும் தெரியும். கருவி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால், அது எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலாசம் கிடைத்துவிடும். படத்தில் தெரியும் எலும்பு அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

தொடை இடுக்கின் முன்பக்கம் பசை தடவிக் கருவியை மெதுவாக நகர்த்துகிறார்கள். திரையில் எலும்பின் மேற்பரப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரே கறுப்பு. எலும்பைத் தாண்டி ஒலி போகாது என்பதுதான் காரணம். ஆகவே பந்து முழுவதும் தெரியாது. முன்பக்கத்து வளைவு மட்டும் தெரியும்.

அது போதும். உடைந்த சட்டியின் துண்டு ஒன்றைக் கொடுங்கள். முழுச் சட்டி எவ்வளவு பெரிது என்று குயவர் சொல்லிவிடுவார். அதுபோல அந்த வளைவில் பல புள்ளிகளைக் குறித்து, எல்லாப் புள்ளிகளும் பொருந்தும்படி ஓர் உருண்டையைக் கம்ப்யூட்டர் வரைகிறது. உருண்டையின் நடுதான் மூட்டின் மையம்!

இது சரிதானா என்று 2010-ல் எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் சராசரியாகச் சுமார் 4 மில்லிமீட்டர்தான்.

2012-ல் அவர்களே மூளை வாதம் உள்ள குழந்தைகளிடம் ஸ்கேனை உரைகல்லாக வைத்துப் பழைய முறைகளை உரசிப் பார்த்தார்கள். இருப்பதில் நல்ல கணக்கு என்று தேறியதுகூட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியே மையத்தைக் காட்டிற்று. காலைச் சுழற்றிக் கண்டுபிடிக்கும் முறை அதைவிட மோசம்.

ஊசி இல்லை, கதிர் இல்லை, வலி இல்லை. பசையைத் துடைத்துவிட்டுக் குழந்தை நடக்கப் போகலாம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஏன் வரவில்லை?

நியாயமான கேள்வி. ஸ்கேனுக்கும் குறை உண்டு. பழகிய கை வேண்டும். உடம்பு பருத்தவர்களுக்குப் பந்து ஆழத்தில் இருப்பதால் படம் மங்கும். கருவியை அதிகமாக அழுத்தினால் தசை நசுங்கும், உருண்டைகளும் அசையும். அது மட்டுமல்ல. நிற்கும்போதோ படுத்திருக்கும்போதோ மையத்தைச் சரியாகக் குறித்துவிட்டாலும், நடக்கும்போது தோல் எலும்பின் மேல் வழுக்குகிறது. தோலோடு உருண்டையும் வழுக்குகிறது. இந்தக் கோளாறை ஸ்கேனால் தீர்க்க முடியாது. பெர்க்லி நகரில் ஊசி குத்தியவர்கள் பயந்ததும் இந்த வழுக்கலுக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடை ஆய்வுக்கூடத்தின் கணக்கை மட்டும் நம்பி எந்த டாக்டரும் கத்தியை எடுப்பதில்லை. கையால் மடக்கிப் பார்க்கிறார், எக்ஸ்ரே பார்க்கிறார், பெற்றோரைக் கேட்கிறார். கணக்கு அவற்றில் ஒன்று. ஆனால் தப்பான கணக்கை மேஜையில் வைத்துக் கொண்டு ஆலோசிப்பதைவிடச் சரியான கணக்கை வைத்துக் கொண்டு ஆலோசிப்பது மேல் அல்லவா?

நம் நாட்டில் இன்னொரு தடங்கலும் இருக்கிறது. அது சட்டம்.

வயிற்றில் இருப்பது ஆணா, பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்து, பெண் என்றால் கலைத்துவிடும் கொடுமை இங்கே பரவிற்று. அதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. 2003-ல் அது கடுமையாக்கப்பட்டது. சிசுவின் பாலினத்தைக் காட்டக்கூடிய ஸ்கேன் யந்திரத்தைப் பதிவு பெறாத இடத்துக்கு விற்கக் கூடாது. யார் இயக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. நடை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இயன்முறை சிகிச்சை படித்தவர்களும் பொறியியல் படித்தவர்களும். "நாங்கள் இடுப்பு மூட்டைத்தான் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி ஒரு யந்திரத்தை வாங்கி வைத்துக் கொள்ள அவர்களால் முடியாது. தொடையில் வைக்கும் யந்திரத்தை வயிற்றிலும் வைக்கலாமே!

இதற்காகச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1991-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 945 பேர் இருந்தார்கள். 2011-ல் அது 919 ஆகக் குறைந்தது. இந்த நிலையில் கதவைத் திறந்துவிட முடியுமா? பெரிய ஆஸ்பத்திரிகளில் பதிவு பெற்ற ஸ்கேன் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. நடை ஆய்வுக்கூடத்தை அந்தப் பிரிவோடு சேர்த்துப் பதிவு செய்து, ஸ்கேன் டாக்டர் சிறிது நேரம் அங்கே வந்து போக ஏற்பாடு செய்தால் சட்டமும் நிற்கும்; குழந்தைக்கும் பயன் கிடைக்கும். இதற்கு வேண்டியது இரண்டு பிரிவுகள் ஒன்றோடொன்று பேசிக் கொள்வது. பெரிய ஆஸ்பத்திரிகளில் அதுதான் கஷ்டம் என்கிறீர்களா? அதுவும் உண்மைதான்!

உங்கள் வீட்டுக் குழந்தைக்கோ, தெரிந்தவர் குழந்தைக்கோ நடை ஆய்வு செய்யச் சொன்னால் போய்ச் செய்து கொள்ளுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இடுப்பு மூட்டின் மையத்தை எப்படிக் குறித்தீர்கள்? கணக்குப் போட்டா, காலைச் சுழற்றியா, படம் எடுத்தா?" குழந்தையின் இடுப்பு நழுவியிருக்கிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தால், அதையும் ஆய்வுக்கூடத்தாரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே படம் கையில் இருந்தால் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.